கலியாணக் களை என்று நினைத்த வீக்கம்

"கறுப்பே அழகு, காந்தலே ருசி" என்று ஊருக்கெல்லாம் சொல்லித் திரிகிற நான்தான், மகளின் கலியாணத்துக்கு நான்கு மாதம் இருக்கையில் வெள்ளவத்தைக் கடையொன்றில் முகம் வெளுக்கும் கிறீம் வாங்கினேன். டப்பாவில் பெயரும் இல்லை, தயாரித்த இடமும் இல்லை. காலையும் மாலையும் நானே பூசிவிட்டேன்.

மகள் வெளுத்தாள். பிறகு கன்னமும் பூரித்தது. "பிள்ளைக்குக் கலியாணக் களை வந்திட்டுது" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. எனக்கு உச்சி குளிர்ந்தது.

ஒருநாள் கூறைச் சேலைக்குப் பொருத்தமாக வாங்கிவைத்த செருப்பைப் போட்டுப் பார்த்தாள். "அம்மா, கால் உள்ள போகுதில்லை" என்றாள். பாதத்தை அழுத்தினேன், விரல் பதிந்த இடம் குழியாகவே நின்றது. சிறுநீர் நுரைக்கிறது என்பதையும் அப்போதுதான் சொன்னாள்.

சோதனை முடிவுகளைப் பார்த்த டொக்டர், "பிள்ளை முகத்துக்கு என்ன பூசுறவ?" என்று கேட்டார். மறுநாள் டப்பாவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சோதித்ததில் பாதரசம் இருந்தது. அது தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைத் தாக்கியதால், உடம்பின் புரதம் சிறுநீரில் போய்க்கொண்டிருந்ததாம், கன்னமும் காலும் வீங்கியது அதனால்தானாம். டொக்டர் கதைத்துக்கொண்டிருந்தார், நான் மேசையிலிருந்த டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிறீமை நிறுத்தி, மருந்தெடுத்து, வீக்கம் வற்ற மாதக்கணக்கானது. கலியாணமும் தள்ளிப்போனது. "கறுத்து மெலிஞ்சிட்டாளே" என்று அந்த அக்கா கவலைப்பட்டார். "ஓம் அக்கா, சுகமாகிட்டாள்" என்றேன்.

இப்போது பெயரில்லாத டப்பா எதுவும் எங்கள் வீட்டுக்குள் வருவதில்லை. யாராவது திடீரென்று வெளுத்துப் பூரித்திருந்தால் நான் முகத்தைப் பார்ப்பதில்லை, காலைப் பார்க்கிறேன்.