பாஸ்டனில் அன்றைக்கு வெள்ளிக்கிழமை

வியாழன், வெள்ளி விடுமுறை முடிந்து சனிக்கிழமை காலை பள்ளிக்கூடம் தொடங்கியபோது, செல்லத்துரை சாரின் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு அணியாகப் பிரிந்து எதிரெதிரே உட்கார்ந்து அவருக்காகக் காத்திருந்தார்கள். பலகையின் ஒரு ஓரத்தில் லண்டன், மறு ஓரத்தில் பாஸ்டன், நடுவில் 'அழிக்க வேண்டாம்' என்று புதன்கிழமையே அவர் எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார். நான் பக்கத்து அறையில் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். அவர் வகுப்பிலிருந்து சத்தமே வரவில்லை. அது எனக்குச் சரியாகப் படவில்லை. எட்டிப் பார்க்கலாம் என்று எழுந்தபோது அவர் மனைவி ரூத் அக்காவின் போன் வந்தது.

"விஜயா, அவுக போயிட்டாவ."

எங்கே என்று கேட்டேன். அவ்வளவு மூடத்தனமாகக் கேட்டதற்காக இன்றைக்கும் என்னை நான் திட்டிக்கொள்கிறேன். விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தவர், ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துபோனார்.

ஷார்ஜாவில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கும், அவரிடம் படித்தவர்களுக்கும், வெள்ளிக்கிழமைக் கோயிலில் அவர் பக்கத்தில் நின்று பாடியவர்களுக்கும் நான் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. உங்களுக்குத் தெரியாத ஒன்று மட்டும் என்னிடம் இருக்கிறது. அதைச் சொல்வதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். எடுத்ததும் சொல்ல மனம் வரவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் அவரிடம் முதலில் போனது சண்டைக்கு. எங்களுடையது அமெரிக்கப் பாடத்திட்டப் பள்ளிக்கூடம். பாளையங்கோட்டையிலிருந்து வந்த ஒருவர், அமெரிக்காவை வரைபடத்தில் தவிர வேறெங்கும் பார்க்காதவர், அமெரிக்கா எப்படிச் சுதந்திரம் வாங்கியது என்று தெற்கத்தி இழுப்போடு ஆங்கிலத்தில் நடத்திக்கொண்டிருந்தார். அவர் வகுப்பில் பாதிப் பேர் லண்டன், பாதிப் பேர் பாஸ்டன். ஒரு பிள்ளை கப்பல். லண்டன் சொல்வதைக் கப்பல் கேட்டுக்கொண்டு, வெளியே நடைக்கூடம் முழுவதும் மெதுவாகச் சுற்றிவந்து பாஸ்டனிடம் சொல்ல வேண்டும். அது வந்து சேரும்வரை இரண்டு பக்கமும் சும்மா இருக்கக் கூடாது, சண்டை போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அந்தச் சத்தத்தில் என் பிள்ளைகளுக்குப் பின்னக் கணக்கு எங்கே ஏறும்? கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

"வாங்க, வாங்க. கப்பலுக்கு ஆள் இல்லாமத்தான் இருந்தேன். நீங்களே கப்பல்," என்றார். பிள்ளைகள் கைதட்டிவிட்டார்கள். "ஒரே ஒரு வேலதான் டீச்சர். ஓடக் கூடாது. குடுத்தத மாத்தாம கொண்டுபோய்ச் சேக்கணும்."

வரிகளைப் பெரும்பாலும் எடுத்துவிடலாம் என்று லண்டன் பாராளுமன்றத்தில் பேச்செடுத்திருக்கிறார்கள், தேயிலைக்கு மட்டும்தான் வரி இருக்கும். இதுதான் நான் கொண்டுபோன செய்தி. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நடைக்கூடத்தைச் சுற்றி வந்து பாஸ்டனிடம் சொன்னேன். அங்கே ஐந்து பிள்ளைகள் தரையில் படுத்துக் கிடந்தார்கள். பாஸ்டன் தெருவில் ஆங்கிலேயச் சிப்பாய்கள் சுட்டு ஐந்து பேர் செத்துப்போயிருந்தார்கள். இரண்டும் நடந்தது ஒரே நாளில் என்று அப்போதுதான் சொன்னார். ஒரு கரையில் சமாதானத்துக்குக் கதவைத் திறக்கிறார்கள், மறு கரையில் ரத்தம் சிந்துகிறது, இவர்களுக்கு அதுவும் தெரியாது, அவர்களுக்கு இதுவும் தெரியாது. செய்தி கடலைத் தாண்ட வாரக்கணக்கில் ஆகும். "அவங்க கெட்டவங்க இல்ல பிள்ளைகளா. நடுவுல கெடந்த கடல்தான் பெருசு," என்றார். வந்த சண்டையை நான் மறந்துவிட்டேன். அன்றையிலிருந்து அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது குறைவு. ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும் "கப்பல் வந்துட்டா?" என்றுதான் கேட்பார்.

பாடம் அவருக்குப் புத்தகத்தில் இல்லை. கப்பல் கூலிக்குப் பதிலாகச் சில வருடம் உழைத்துத் தருகிறோம் என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டு விர்ஜீனியாவுக்குப் போன ஏழைகளைப் பற்றி நடத்தும்போது, "நம்ம இண்டஸ்ட்ரியல் ஏரியா லேபர் கேம்ப்ல கெடக்க பயலுவ மாதிரிதான். அங்க ஏசி இல்ல, அவ்வளவுதான்," என்பார். தேயிலைப் பெட்டிகளைத் துறைமுகத்தில் கொட்டிய பாடம் வரும் நாளில் சுலைமானி டீயைத் தொடமாட்டார், காப்பிதான். முதன்முதலில் மாசசூசெட்ஸ் கரையில் போய் இறங்கியவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் அந்த முதல் குளிர்காலத்திலேயே செத்துப்போன பாடத்துக்கு, வகுப்பில் ஏசியை முடிந்த மட்டும் குறைத்து வைப்பார். ஷார்ஜா வெயிலில் வளர்ந்த பிள்ளைகள் பற்கள் கிட்டிக்க உட்கார்ந்து அதைப் படிக்க வேண்டும்.

ஒரு வருடம் அந்தப் பாடத்துக்கு அவர் ஏசியைத் தொடவில்லை. ஏன் சார் என்று கேட்டேன். "வேண்டாம் டீச்சர்," என்றதோடு சரி. அவருடைய ஒரே மகள் ஷீபா அதற்கு முந்தைய வருடம்தான் அதே மாசசூசெட்ஸில் இருக்கும் பாஸ்டனுக்குப் படிக்கப் போயிருந்தாள்.

ஷீபாவின் படிப்பு முடிந்ததும் அவளுக்குப் பாளையங்கோட்டையில் மாப்பிள்ளை பார்த்து, அவளைக் கேட்காமலே வாக்குக் கொடுத்துவிட்டார். அவள் வரவில்லை. அங்கேயே ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது, கல்யாணத்தை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று போனில் சொன்னாள். "இனிமே எனக்குப் போன் பண்ணாத," என்று இவர் வைத்துவிட்டார். அது மூன்று வருடம் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் கூப்பிடுவாள், ரூத் அக்கா பேசுவார். "அப்பா இருக்காங்களா?" என்று அவள் கேட்பாள். இவர் எழுந்து பால்கனிக்குப் போய்விடுவார். போன் முடியும்வரை அங்கே நின்றுகொண்டு கீழே கார்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்த மனிதர்தான் வகுப்பில் இங்கிலாந்து அரசரைத் திட்டித் தீர்ப்பார். சண்டை தொடங்கிய பிறகும் காலனிக்காரர்கள் கடைசியாக ஒரு தடவை, நாங்கள் உங்கள் பிள்ளைகள்தான், எங்களைக் கொஞ்சம் கேளுங்கள் என்று அரசருக்கு விண்ணப்பம் அனுப்பினார்கள். அரசர் அதைக் கையால் தொடவே மறுத்துவிட்டார். மறு வருடம் அவர்கள் பிரிந்து போனார்கள். "வாங்கிப் படிச்சிட்டு முடியாதுன்னு சொல்லியிருந்தாக்கூடப் பரவாயில்ல. வாங்கவே மாட்டேன்னுட்டானே பாவி," என்பார். ஒவ்வொரு வருடமும் புதிதாகக் கேள்விப்பட்டவர் மாதிரி அவருக்குக் கண் சிவந்துவிடும்.

போன மாதம் ஒருநாள் ஆசிரியர் அறையில் வைத்து என்னால் பொறுக்க முடியவில்லை. கேட்டே விட்டேன். "சார், ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் உங்க வீட்டுக்கு ஒரு விண்ணப்பம் வருதே, அதை யாரு வாங்குறா?"

கையில் இருந்த கண்ணாடியை மாட்டிக்கொண்டார், கழற்றினார், மறுபடி மாட்டிக்கொண்டார். வாய்க்கொழுப்பில் கேட்டுவிட்டோமோ என்று இருந்தது. நாலு நாள் என்னைக் கப்பல் என்று கூப்பிடவில்லை.

பிறகு அவர் சாவதற்கு முந்திய நாள், அந்த வெள்ளிக்கிழமை. சர்ச் என்பதைக் கோயில் என்றுதான் அவர்கள் சொல்வார்கள். வளைகுடாவில் கோயிலுக்கும் வெள்ளிக்கிழமைதான். அங்கிருந்து வந்ததும் மதியச் சாப்பாட்டுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். சாயங்காலம் மூவருமாக ரோலா கடைத்தெருவுக்கு இறங்கினோம். ரூத் அக்கா காய்கறிக் கடைக்குள் போனதும், சார் சட்டைப் பையிலிருந்து ஒரு போன் கார்டை எடுத்துக் காட்டினார். புதுசு.

"ரூத்துக்குத் தெரிய வேண்டாம். அவ இருந்தா அழுதுருவா, எனக்குப் பேச்சு வராது."

"ஞாயித்துக்கிழமை அவளே கூப்பிடுவாளே சார், அப்ப எடுத்துப் பேசலாமே?"

"அவ கூப்பிட்டு நான் எடுத்தா அது என்ன பெரிய காரியம்? ராசால்லா எறங்கி வரணும்."

ரோலாவில் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. போன் கூண்டுகள் எல்லாவற்றிலும் வரிசை. நின்றுகொண்டே, "இப்ப பாஸ்டன்ல மணி என்ன? கணக்கு டீச்சர் சொல்லுங்க," என்றார். காலை பத்து என்றேன். "அப்பச் சரி. பத்தரைக்குத்தான் கோயில் இருக்கும். கெளம்பிக்கிட்டு இருப்பா. லீவு நாள், வீட்டுலதான் இருப்பா," என்றார். நானும் தலையாட்டினேன். என்ன பேசப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

"நெறைய யோசிச்சேன். எல்லாம் மறந்து போச்சு. குளிரு தாங்குதா பிள்ளன்னு கேப்பேன். மொதல்ல அதான் கேக்கணும்."

எண்களை அழுத்திவிட்டுக் காதில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அவர் முகம் மலர்ந்தது. உடனே குழம்பியது. அவள் பேசவில்லை, அவள் குரலைப் பதிவு செய்து வைத்த மெசின் பேசியிருக்கிறது. அது பேசி முடித்த பிறகும் ரிசீவரை வைக்காமல் நின்றார். ஒரு தடவை இருமினார். பின்னால் நின்ற பட்டாணியர் "ஜல்தி, பாய்" என்று அவசரப்படுத்தினார். வைத்துவிட்டார்.

"எடுக்கல டீச்சர். கொரலு அப்படியே இருக்கு. ஆனா எடுக்கல."

"இன்னொரு தடவை போடுங்க சார்."

"கலாஸ், போதும். நான் மூணு வருசம் எடுக்கல, அவ ஒரு நாள் எடுக்கல. கணக்கு சரியாத்தான் இருக்கு," என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை. ரூத் அக்கா முருங்கைக்காயோடு கடையிலிருந்து வெளியே வந்தார். மூவரும் வீட்டுக்கு நடந்தோம்.

அவ்வளவுதான். மறுநாள் விடிய அவர் இல்லை.

உடலோடு ரூத் அக்காவைத் தனியாக ஊருக்கு அனுப்ப முடியாது என்று நானும் உடன் போனேன். திருவனந்தபுரம் விமான நிலையத்தின் சரக்கு வாசலில் ஷீபா நின்றுகொண்டிருந்தாள். வளைகுடாவில் செத்துப்போகிறவர்கள் ஊருக்குள் நுழைவது அந்த வாசல் வழியாகத்தான். அவளைப் பார்த்ததும் எனக்குத் துக்கம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இப்போது ஓடி வந்து என்ன? ரூத் அக்கா ஆம்புலன்சில் பெட்டியோடு ஏறிக்கொண்டார். பின்னால் போன காரில் நானும் அவளும். நாகர்கோவில் தாண்டும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அதற்குமேல் முடியவில்லை.

"அப்பா வெள்ளிக்கிழமை கூப்பிட்டாரே, ஏம்மா எடுக்கலை?"

"யாரு, அப்பாவா?" அவளுக்கு விளங்கவில்லை. "அப்பா கூப்பிடலையே ஆன்ட்டி."

கூப்பிட்டார், நான் பக்கத்தில் நின்றேன், அங்கே காலை பத்து மணி, கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாய் என்று சொன்னார் என்றேன். அவள் என்னையே பார்த்தாள்.

"ஆன்ட்டி, அங்க ஃப்ரைடே லீவு இல்ல. சண்டேதான் சர்ச். நான் டியூட்டில இருந்தேன். லேபுக்குள்ள போன் கொண்டு போக முடியாது."

இதைப் படிக்கும் நீங்களும் ஷார்ஜாவில்தான் இருக்கிறீர்கள். உங்களுக்குத் தோன்றியிருக்குமா, சொல்லுங்கள். இருபது வருடமாக எங்களுக்கு வெள்ளிதான் ஞாயிறு. மணி வித்தியாசத்தைச் சரியாகப் போட்டோம். கிழமையை நினைக்கவே இல்லை. மூன்று வருடமாக அவள் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாளே, ஏன் ஞாயிறு என்று அவர் வீட்டில் யாருமே கேட்கவில்லை.

ஷீபா மெல்லச் சொன்னாள். "ஈவினிங் வந்து பாத்தேன். தெரியாத நம்பர். ஒரு மெசேஜ் இருந்துச்சு. யாரும் பேசலை. தெருச் சத்தம், யாரோ ஒருத்தர் இருமுறாங்க. ராங் நம்பர்னு நெனச்சு..." அவள் நிறுத்தினாள். "அழிச்சிட்டேன் ஆன்ட்டி."

என் ஆத்திரமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் எனக்குக் கொடுத்த முதல் வேலை அப்போது ஞாபகம் வந்தது. கொடுத்ததை மாற்றாமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். உன் அப்பா உன்மேல் உயிரையே வைத்திருந்தார், மன்னிப்புக் கேட்க நினைத்தார் என்றெல்லாம் நான் அலங்காரம் செய்திருக்கலாம். செய்யவில்லை. அவர் சொன்னது எதுவோ அதை அவர் சொன்ன மாதிரியே சொன்னேன்.

"குளிரு தாங்குதா பிள்ள?"

சித்திரை வெயிலில் கார் கொதித்துக்கொண்டிருந்தது. அவள் எனக்குப் பதில் சொல்லவில்லை. முன்னால் போகிற ஆம்புலன்சைப் பார்த்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி சொன்னாள்.

"தாங்கலப்பா."

அன்று சாயங்காலம் அவரைப் பாளையங்கோட்டையில் அடக்கம் செய்தோம். நான் ஷார்ஜாவுக்குத் திரும்பிவிட்டேன். அவர் வகுப்பை இப்போது வேறொருவர் நடத்துகிறார், பலகையையும் துடைத்துவிட்டார்கள். அவர் ஞாபகமாக என்னிடம் பொருள் எதுவும் இல்லை. அவர் மகளின் அந்த ஒரு வார்த்தைப் பதில்தான் இருக்கிறது. அவர் கேட்ட கேள்வியை நான் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டேன். பதிலை வாங்கிக்கொள்ளத்தான் அவர் இல்லை.