காற்று திரும்பிய காலை

எனக்கு அப்போது ஒன்பது வயது. சாமியிடம் ஒன்று கேட்டேன். கேட்டது உடனே கிடைத்துவிட்டது. அந்தப் பயம் தெளிய எனக்குப் பல வருஷம் ஆயிற்று.

எண்ணூர்ப் பக்கம் கடலோரத்தில் எங்கள் குப்பம். அதற்கு வடக்கே ஒரு கம்பெனி. கம்பெனிக்கும் வடக்கே அப்பாவின் அக்கா வாழ்க்கைப்பட்ட குப்பம். ஒரு மாசி மாதக் காலையில் கம்பெனியின் குழாய் உடைந்து வாயு கசிந்தது. வாடைக்காற்று அதை நேரே எங்கள் மேல் கொண்டுவந்து கொட்டியது. கண் எரிந்து, தொண்டை அடைத்து, ஈரத் துணியை மூக்கில் கட்டிக்கொண்டு ஓடினோம். கைக்குழந்தையாக இருந்த தம்பி அப்பாவின் தோளில் அழக்கூட முடியாமல் துவண்டு கிடந்தான். காற்றை அந்தப் பக்கம் திருப்பிவிடு என்று அம்மனை வேண்டிக்கொண்டே ஓடினேன். அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று எனக்கு நினைவே வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் காற்று வடக்கே திரும்பியது. தம்பி பிழைத்துக்கொண்டான். அத்தைக்கு ஏற்கெனவே இழுப்பு உண்டு. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த உறவுக்காரர் ஒருவர், அம்மன்தான் காற்றைத் திருப்பி எங்கள் குப்பத்தைக் காப்பாற்றினாள் என்றார். அப்பா படகு எஞ்சின் மெக்கானிக். கற்பூரம் காட்டாமல் ஒரு எஞ்சினைக் கிளப்பியதில்லை. அவர் சட்டென்று குரலை உயர்த்தினார்.

"யாரும் திருப்பல. படைச்சவன் படைச்சதோட சரி, அப்பால எட்டிகூடப் பாக்கறதில்ல. எஞ்சின் செஞ்சவன் ஒவ்வொரு படகாண்டையும் வந்து குந்திகினா கீறான்?"

அம்மாவின் தம்பியான என் மாமா சாமியே இல்லை என்பவர். எழவு வீடானாலும் அவர் விட்டுக்கொடுப்பதில்லை.

"படைச்சவன் கீறான்னா, ஏன் பாக்கலன்னு அவனை கேக்கணும் மச்சான். ஒருத்தனும் கெடயாது. வெயில் ஏறிச்சு, காத்து திரும்பிச்சு. காத்துக்கு இன்னா, காதா கீது?"

"அப்ப இம்மாங்கடலும் தானா வந்துச்சா?"

"தானா வந்துச்சுன்னா உனக்கு இன்னா பேஜாரு?"

நான் மாமாவை ஒட்டி உட்கார்ந்துகொண்டேன். அவர் ஜெயிக்க வேண்டும் என்று தவித்தேன். யாருமே இல்லையென்றால் என் வேண்டுதலைக் கேட்டவரும் இல்லை. அத்தையை நான் கொல்லவில்லை. அப்பா ஜெயித்தாலும் குற்றமில்லை, எட்டிப் பார்க்காதவர் காதிலும் எதுவும் விழாது. அந்த உறவுக்காரர் மட்டும் ஜெயித்துவிடக் கூடாது. வேதாந்த விசாரத்தில் என் அக்கறை அவ்வளவுதான்.

அதற்குமேல் அடக்க முடியவில்லை. "நான்தான் காத்தைத் திருப்பச் சொன்னேன்" என்று அழுதேன்.

அப்பா என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார். "யாரும் அப்டி கேக்கலம்மா. யாருமே கேக்கல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்காகத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். மனசு லேசாகி அப்படியே தூங்கியும் போனேன்.

தம்பியைத் தூக்கிக்கொண்டு ஓடிய அந்தக் காலையில் அப்பாவும் அதையேதான் கதறிக் கேட்டாராம். அம்மா வெகுகாலம் கழித்துச் சொன்னாள். தன் அக்கா எந்தத் திசையில் இருக்கிறாள் என்று அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?