சத்தமில்லாத தொட்டி

ரஸ்மினி வீட்டைத் தாண்டிப் போறவங்க மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் போவாங்க. கண்ணாடித் தொட்டியில கடல்மீன் வளக்கறவங்க உள்ளே வெக்கறதுக்கு உசுருள்ள கல்லு வாங்குவாங்க; கடல்லேர்ந்து எடுத்ததை அவங்களுக்கு அப்படியே அனுப்ப முடியாதே. கல்லு பூரா உசுரு: பாசி, புழு, பொடி நண்டு, நகக்கண் அளவு இறால். வழியில செத்ததெல்லாம் கல்லுலயே அழுகும். அதைத் தேய்ச்சு எடுத்து, கடல்தண்ணியை மாத்தி மாத்தி ஊத்தி, பம்பு ஓடவிட்டு, செத்தது பிழைச்சதையும் கொன்னுடாம மூணு நாலு வாரம் காவல் காக்கணும்.

"நாத்தம் போனா மட்டும் போதாதுண்ணே, சத்தம் வேணும்"னு சொல்லுவா ரஸ்மினி. கல்லைக் காதுகிட்ட வெச்சா உள்ளே அந்த இறால் டிக் டிக்னு சொடுக்குப் போடும். ஒரு தடவை எனக்கும் கேக்கக் குடுத்தா. குழந்தை மொத வார்த்தை பேசின மாதிரி அவ மூஞ்சியில அப்படி ஒரு பெருமை.

புருஷன் செத்ததுலேர்ந்து தனி ஆளு. மத்தவங்க பவளப்பாறையை உடைச்சு வித்தப்ப, இவ சிமெண்டையும் மணலையும் பிசைஞ்சு உருண்டை பிடிச்சுக் கடல்ல போட்டா. "கடலுக்குச் சோறு ஊட்டறியா?"ன்னு கிண்டல் பண்ணினவன் நான்தான். நாலு வருஷத்துல அது மேலயும் உசுரு ஒட்டிக்கிச்சு. அதுவரைக்கும் அடுத்தவங்க கல்லைத்தான் கூலிக்குச் சுத்தம் பண்ணிக் குடுத்தா; அவ சொந்தக் கல்லுக்கு இந்த வருஷம்தான் மொத அறுவடை. ரெண்டு தொட்டி நிறைய.

காத்து சரியில்லாம கல்லு ஏத்தி வர்ற படகு தாமதம். கல்லு வந்த நாலாம் நாள் நியெப்பி. பாலித் தீவுல எங்க வருஷப் பிறப்பு அது. விளக்கு கிடையாது, வேலை கிடையாது, யாரும் வாசப்படி தாண்டக் கூடாது. இடுப்புல கட்டம் போட்ட துணி கட்டின ஊர்க்காவல்காரங்க மட்டும் தெருவுல நடக்கலாம். எங்க சந்துக்கு நான்.

முந்தின நாளே வந்து கேட்டா. "நெங்கா அண்ணே, பம்பு மட்டும் ஓடட்டுமே. சாக்கு போட்டு மூடிடறேன். கண்டுக்காம விடுங்க."

"ஊரே அடங்கிக் கிடக்கறப்ப உன் பம்பு கொர்ருனு கத்துமா? ஒரு பொட்டுச் சத்தம் கேக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

"கல்லுக்கு மூச்சு முட்டிடும்ணே."

"கல்லுக்கு மூச்சாம்!" சிரிச்சேன். பாவி, சிரிச்சேன்.

நியெப்பி அன்னிக்குக் காலையில அவ வாசலைத் தாண்டினேன். சத்தமே இல்ல. நம்ம பேச்சுக்கு என்ன மரியாதை பாருன்னு நெஞ்சை நிமித்திக்கிட்டுப் போயிட்டேன். மத்தியானம் திரும்பி வரப்ப நாத்தம் சந்து முனை வரைக்கும் வந்துச்சு. கதவைத் தள்ளிட்டு உள்ளே போனேன்.

கையை முழங்கை வரைக்கும் தண்ணிக்குள்ள விட்டு, சத்தம் வராம கலக்கிக்கிட்டு நின்னா. விடியறதுக்கு முன்னாடியிலேர்ந்து அப்படித்தானாம். விரலெல்லாம் வெளுத்துச் சுருங்கிக் கிடந்துச்சு. இந்தத் தொட்டி, அந்தத் தொட்டின்னு மாறி மாறி ஓடிப் பாத்துட்டு, முடியாம ஒண்ணைக் கைவிட்டுட்டா. அது அரிசி களைஞ்ச தண்ணி மாதிரி வெளுத்திருந்துச்சு. கூப்பிட்டா யாரு வருவா? அன்னிக்கு எங்க சந்துல நடமாட உரிமை உள்ளவன் நான் ஒருத்தன்தான்.

"இதுவும் வேலைதானே"ன்னேன், மெதுவா.

அவ தலையைத் தூக்கல. "நீங்க இன்னிக்கு மூச்சு விடலையா?"

கட்டத் துணியை அவுத்து வெச்சுட்டு வெளுத்த தொட்டிக்குள்ள கையை விட்டேன். மறுநாள் காலையில பம்பு போடற வரைக்கும் ரெண்டு பேரும் ஓயல.

நியெப்பியில வேலை பாத்தோம்னு ஊர்க்கூட்டத்துல எங்க ரெண்டு பேர் பேரையும் நானே சொன்னேன். தண்டனையா கோயில் முற்றத்தைக் கூட்டச் சொன்னாங்க, கூட்டினோம். அவ ஒரு வார்த்தை குத்திக் காட்டல. அதுதான் எனக்குத் தாங்கல.

மூணு வாரம் கழிச்சுக் கூப்பிட்டு அனுப்பினா. ரெண்டு தொட்டியிலயும் நாத்தம் போயிருந்துச்சு. அவ கலக்கின தொட்டியிலேர்ந்து ஒரு கல்லை எடுத்து என் காதுல வெச்சா. டிக். டிக் டிக். அப்பாடான்னு இருந்துச்சு. அப்புறம் நான் கலக்கினதுலேர்ந்து ஒண்ணு குடுத்தா. காதை அழுத்தி அழுத்தி வெச்சேன். வேற கல்லை எடுத்தேன். இன்னொண்ணையும் எடுத்தேன்.

"ஒரு பொட்டுச் சத்தம் இல்லண்ணே"ன்னா ரஸ்மினி. "நீங்க சொன்ன மாதிரியே."