வெல்டா கடை விலை

லாட்வியாவும் யூரோவுக்கு மாறிய அன்று மாரே தன் மதுக்கடை வாசலில் நின்று வந்தவர் போனவருக்கெல்லாம் கேக் கொடுத்தாள். வல்கா ஊரை இரண்டாக்கும் எல்லைக்கு இந்தப் பக்கம், எஸ்தோனியாவில், அவள் கடை. இனி லாட்வியாக்காரர்கள் பணம் மாற்றும் தொல்லையில்லாமல் தன்னிடம் வந்து குவிவார்கள் என்று மனக்கணக்குப் போட்டிருந்தாள்.

வந்தார்கள்தான், கொஞ்ச காலம். பிறகு எஸ்தோனிய அரசு பீர் மேல் வரியைத் தாறுமாறாக ஏற்றியது. லாட்வியா அந்த அளவுக்கு ஏற்றவில்லை. வட்டியை இரு நாட்டுக்கும் சேர்த்து எங்கோ ஃப்ராங்க்ஃபர்ட்டில் மத்திய வங்கிக்காரர்கள் முடிவு செய்கிறார்கள். வரியை மட்டும் அவரவர் தலைநகரம் பார்த்துக்கொள்கிறது. மாரேயிடம் கல்லாவில் வேலை பார்த்த லாட்வியாக்காரி வெல்டா இதை மோப்பம் பிடித்து, தன் நாட்டுப் பக்கம் சொந்தக் கடை போட்டாள். பெயர்ப்பலகையை எஸ்தோனிய மொழியிலேயே எழுதினாள். எஸ்தோனியத் தலைநகர் தாலினிலிருந்து வரும் கார்கள் மாரேயின் வாசலை உரசிக்கொண்டு போய் அங்கே நின்றன. கண்ணாடி துடைக்கிற சாக்கில் மாரே பார்த்துக்கொண்டே இருப்பாள். வயிறு எரியும்.

ஒருநாள் அவள் புருஷன் எந்தெல்கூட அங்கிருந்து ஒரு பெட்டி பீரைச் சுமந்துகொண்டு வந்தான்.

"வெட்கமா இல்ல? வீட்லயே கடைய வச்சுக்கிட்டு!"

"காசு ரெண்டு பக்கமும் ஒண்ணுதானே. விலைதான் ஒண்ணா இல்ல."

"அவ என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. தள்ளுபடி கொடுத்தா."

அந்தத் தள்ளுபடிதான் மாரேயைப் போட்டு அரித்தது.

அரசு ஒருவழியாக வரியைக் குறைத்தபோது, புது விலையைக் கொட்டை எழுத்தில் எழுதிக் கதவில் ஒட்டினாள். அடுத்த மாதமே லாட்வியாவும் குறைத்தது. மாரே அந்தத் தாளைக் கிழித்தாள், கடையையும் மூடினாள். நேரே போய் வெல்டாவின் கடைக்கு அடுத்த கட்டடத்தை வாடகைக்குப் பிடித்தாள்.

திறப்பு நாளன்று வெல்டா பூங்கொத்தோடு வந்தாள்.

"என்ன முதலாளியம்மா, கடைசில எங்க நாட்டுக்கே வந்துட்டீங்க. பென்ஷன் மட்டும் அந்தப் பக்கம் வாங்கிப்பீங்களாக்கும்?"

"பின்ன? உங்க பென்ஷன்ல என் பூனைக்குக்கூட மீன் வாங்க முடியாதே."

வெல்டா சிரிக்கவில்லை. மாரேயின் வாசலில் நின்ற கார்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாரே பூக்களைப் பார்த்தாள். ஆறு. அந்த ஊரில் வாழ்த்துக்குப் பூ கொடுத்தால் ஒற்றைப்படையில்தான் கொடுப்பார்கள், இரட்டைப்படை சவப்பெட்டிக்கு. சின்னப் பிள்ளைகூட இதில் தவறாது.

கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. இத்தனை வருஷமும் தான் ஒருத்திதான் வெந்துகொண்டிருக்கிறோம் என்று நினைத்திருந்தாள். இப்போது உள்ளே ஜில்லென்று இருந்தது.

ஒரு பூவை உருவி வெல்டாவின் கோட்டுப் பையில் செருகினாள்.

"எனக்கு அஞ்சு போதும் கண்ணு. இது உன் கடைக்கு."