ஆம்ப்ளிஃபயரில் கோளாறு இல்லை

சேதராப்பட்டு கம்பெனி ஒன்றில் எலக்ட்ரீஷியனாக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ரெட்டியார்பாளையம் வீட்டில் ஆம்ப்ளிஃபயர் ரிப்பேரும் பார்ப்பேன். கல்யாணக் கச்சேரிகளில் கிடார் வாசிக்கும் என் நண்பன் அந்துவான், போன மழைக்காலத்தில் கண்ணாடிக் குழல் வால்வுகள் போட்ட தன்னுடைய பழைய ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு மனைவியோடு வந்தான்.

"சத்தமே வரமாட்டுதுடா. பெரிய வால்வா பாத்துப் போட்டுக் குடு."

"பெரிய வால்வு ரெண்டு மடங்கு கரண்டு இழுக்கும்டா. டிரான்ஸ்ஃபார்மர் தாங்காது, எரிஞ்சுபூடும்" என்றேன்.

இருக்கிற வால்வுகள் தேய்ந்திருக்கும் என்று நினைத்து மீட்டர் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் ஓடவேண்டிய கரண்ட் சரியாகவே ஓடியது. கிடாரை மாட்டி அவனை வாசிக்கச் சொன்னேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. போதாதென்று அவன் சத்தத்தை இன்னும் கூட்டினான். அவன் மனைவி இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டாள்.

அதைப் பார்த்ததும் அவன் கை நின்றுவிட்டது.

"அவ்ளோ சத்தமாவா கேக்குது மேரி?"

கண் கலங்க அவள் ஆமாம் என்று தலையசைத்தாள். அவன் என்னிடம் திரும்பினான்.

"எதுனா கெட்டுப்போயிருக்கும்டா. இன்னொரு தபா பாரு."

ஏதாவது ஒன்று கெட்டிருக்கக் கூடாதா என்று வேண்டிக்கொண்டே பார்த்தேன். பிறகு அவன் காதருகே குனிந்து, "எல்லாம் சரியாதான் இருக்கு" என்று உரக்கச் சொன்னேன். அவன் கிடாரைக் கட்டிக்கொண்டு அழுதான்.

அவன் காதுகள் இழந்த கேட்கும் திறன் இனித் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவன் இப்போது கச்சேரிகளுக்குப் போவதில்லை.

கோளாறு இல்லை என்று எத்தனையோ பேரிடம் சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறேன். அதைச் சொல்லி ஒருவனை அழவைத்தது அன்று மட்டும்தான்.