சோப்பு டப்பாவில் ஒரு பின்சீட்டு

மாதவிலக்கு நின்றுபோனபோது, மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பதால் ஊரே எக்ஸ்ரேக்கா என்று கூப்பிடும் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வயது நாற்பத்தைந்து. விட்டது தொல்லை என்று நினைத்தாள். தலை சுற்றியபோதுகூட, எக்ஸ்ரே அறையில் காற்றோட்டம் போதவில்லை என்று மேலாளரோடு ஒரு மூச்சு சண்டைதான் போட்டாள். கடைசியில் அதே மருத்துவமனையின் மகப்பேறு டாக்டரம்மா அவளைப் பிடித்துப் படுக்கவைத்து ஸ்கேன் எடுத்தார். திரையைப் பார்த்தார். மறுபடி பார்த்தார்.

"நாலு மாசம். நெஜமாவே தெரியாதா உனக்கு?"

எக்ஸ்ரேக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கல்யாணமாகிப் பத்து வருஷம் காத்திருந்து, அப்புறம் 'இல்லைன்னா இல்லை' என்று மனசைத் தேற்றிக்கொண்டவள். படம் எடுக்க வரும் பெண்களிடம், "கர்ப்பமா இருக்கீங்களா?" என்று கேட்காமல் பொத்தானைத் தொட்டதே கிடையாது. தன்னைக் கேட்டுக்கொள்ளத்தான் தோன்றவில்லை. சட்டையில் குத்தியிருந்த கதிர்வீச்சு அளவுப் பட்டையைப் பிய்த்து டாக்டரம்மாவின் கையில் திணித்தாள். அதைச் சோதித்து, பயப்பட ஒன்றுமில்லை என்று தெரியும்வரை அவளுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை.

அவள் கணவர் தபால் பிரிக்கும் இடத்தில் வேலை பார்ப்பவர். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். விஷயத்தைச் சொன்னபோது சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"யாருக்கு?" என்றார்.

"ஆங், பக்கத்து வீட்டுக்காரிக்கு! எனக்குத்தாங்க!"

அவர் பேயறைந்த மாதிரி நின்றார். சட்டை கருகிய வாடை வந்த பிறகுதான் இருவருக்கும் இஸ்திரிப்பெட்டியின் ஞாபகமே வந்தது.

அதற்கு மறுநாளே கார்ப் பேச்சு கிளம்பிவிட்டது. அவளிடம் இருந்தது மடக்குக் கூரை வைத்த பழைய பச்சைக் கார். இரண்டே சீட்டு. தெருவில் அதற்குச் சோப்பு டப்பா என்று பெயர். அண்ணன் ஆசை ஆசையாக வைத்திருந்து, தனக்குப் பிள்ளைகள் பிறந்ததும் தங்கையிடம் விற்றுவிட்ட வண்டி. கணவருக்கு வண்டி ஓட்ட வராது. அவள் ஓட்ட, அவர் பக்கத்தில் உட்கார்ந்து தலைமுடி பறக்கப் பாட்டுப் பாட, ஊரெல்லாம் சுற்றுவார்கள். இப்போது பார்த்தவரெல்லாம், "வித்துடு, வேற பாரு" என்றார்கள்.

"எதுக்கு விக்கணும்? எடம் இல்லன்னா எடம் பண்ணிக்கிறேன்" என்றாள் அவள். அவளுக்கு அடம் அதிகம்.

ஊர்க் கோடியில் பஸ்ஸுக்கும் படகுக்கும் மெத்தை சீட்டு செய்து கொடுக்கும் ஒருவர் இருந்தார். மெத்தைக்காரர் என்றால்தான் தெரியும். அவர் இரண்டு சீட்டுகளுக்கும் பின்னால் பை வைக்கிற இடுக்கை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இதுல பூனைதான்க்கா உக்காரும்."

"பூனை சைசுலதானே மாஸ்டர் பொறக்கும்? வளர வளரப் பாத்துக்கலாம்."

சீட்டு செய்வது பெரிதில்லை, பெல்ட்டை முடுக்க அடித்தட்டு தாங்குமா என்று முதலில் பார்க்கவேண்டும் என்றார் அவர். விரிப்பைக் கிழிக்க ஆரம்பித்தார். எக்ஸ்ரேக்கா ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தபடி, சீட்டுக்கு என்ன நிறத்தில் உறை போடலாம் என்று துணி மாதிரிகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். சுரண்டும் சத்தம் சட்டென்று நின்றது.

"அக்கா, கொஞ்சம் எறங்குங்க."

"ஏன்?"

"எறங்குங்கன்னு சொல்றேன்ல."

அந்தக் குரலைக் கேட்டு இறங்கினாள். அவர் டார்ச் அடித்துக் காட்டினார். விரிப்புக்கு அடியில் கனமாகத் தார் பூசியிருந்தது. அவர் சுரண்டிய இடத்தில், இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவு வரைக்கும் கோணல்மாணலாக ஒரு வெல்டிங் தழும்பு ஓடியது. அதற்கு முன்பக்கம் தகடு பச்சை. பின்பக்கம் மஞ்சள்.

"இது ஒரு வண்டி இல்லக்கா. ரெண்டு. ஒண்ணோட முன்பாதி, இன்னொண்ணோட பின்பாதி. வெட்டி ஒட்டியிருக்கான் பாவி."

சொல்லிக்கொண்டே ஸ்க்ரூடிரைவரைத் தழும்பின் ஓரத்தில் வைத்து அழுத்தினார். நமுத்த பிஸ்கட்டில் இறங்குவதுபோல அது கைப்பிடி வரைக்கும் இறங்கியது. உருவினார். ஓட்டை வழியாகக் கீழே சிமெண்டுத் தரை தெரிந்தது.

"ஒரு நல்ல பள்ளத்துல விழுந்திருந்தா..." என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அன்று காலைதான் கணவரை வேலைக்குக் கொண்டுபோய் விட்டிருந்தாள். மேம்பாலத்தில் விரட்டியிருந்தாள். "மெதுவா, மெதுவா" என்று அவர் சிரித்தது காதிலேயே இருந்தது. கை தானாக வயிற்றுக்குப் போனது. பக்கத்தில் அடுக்கியிருந்த பஸ் சீட்டின் மேல் தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள். "யாராவது என்னை வீட்டுல கொண்டுபோய் விடுங்க" என்றாள். தன் வாயால் அப்படி யாரையும் அவள் கேட்டதே இல்லை.

மறுநாள், அவள் போனில் சொன்னதை நம்பாமல் அண்ணன் நேரே பட்டறைக்கு ஓடிவந்தான். அவளும் அங்கே இருந்தாள். ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தான்.

"லாரி பின்னாடி இடிச்சிருச்சும்மா, அப்போ. ஒரு ஒர்க்‌ஷாப்புல விட்டேன். புதுசு மாதிரி குடுத்தாங்க. எப்படிப் பண்ணாங்கன்னு நான் கேக்கல."

"இடிச்சதையாவது எங்கிட்ட சொன்னியா நீ?"

"சொன்னா வாங்க மாட்டேன்னு..."

"அண்ணா!" என்று அவள் போட்ட சத்தத்தில் பட்டறையே திரும்பிப் பார்த்தது. "வயித்துப் புள்ளையோட போயிட்டிருக்கேன் அதுல!"

"ஒட்டினது சத்தியமாத் தெரியாது. தெரிஞ்சிருந்தா எம்புள்ளைங்கள அதுல ஏத்தி அனுப்பியிருப்பேனா? நீ எத்தனை தடவ அவங்கள மடியில வச்சு ரவுண்டு அடிச்சிருக்கே..." சொல்லும்போதே அவனுக்கு அது முழுசாக உறைத்திருக்க வேண்டும். அப்படியே சுவரோரம் குந்திவிட்டான். அவளும் அதற்குமேல் திட்டவில்லை. ஆனால் பேச்சு அன்றோடு நின்றுபோயிற்று.

பழைய இரும்புக்குப் போட்டுவிடுவது என்று அவள் முடிவு செய்துவிட்டாள். அப்போதுதான், இத்தனை நாளும் வாயே திறக்காத கணவர் மெத்தைக்காரரிடம் போய்த் தொண்டையைச் செருமினார்.

"வண்டிய வச்சுக்கறதா இருந்தா, எப்படியும் அடித்தட்ட முழுசா எடுத்துட்டுத்தானே வேற போடணும்? போடறதுதான் போடறீங்க, ஒரு சாண் நீளமாப் போட்டா என்ன?"

மெத்தைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். எக்ஸ்ரேக்காவோ வாயைப் பிளந்தாள். ஸ்டீயரிங்கைத் தொட்டாலே கை நடுங்குகிற மனுஷனா இது?

பஸ்ஸுக்கு இரும்புச் சட்டம் கட்டுகிறவரை வரவழைத்தார்கள். அவர் வண்டியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, முடியும், ஆனால் அவசரப்படுத்தினால் தொடமாட்டேன் என்றார். பின்பாதியை மொத்தமாக வெட்டித் தூர எறிந்தார்கள். புதுச் சட்டம் கட்டி, புதுத் தகடு போட்டு, ஒரு சாண் நீட்டினார்கள். வண்டி நீண்டதால் பழைய கூரை எட்டவில்லை, அதையும் புதிதாகத் தைக்கவேண்டியதாயிற்று. தகுதிச் சோதனையில் ஒரு தடவை திருப்பி அனுப்பினார்கள். பிரேக் குழாயை மாற்றி மறுபடி கொண்டுபோனார்கள்.

அண்ணன் விடுமுறை நாள் தவறாமல் பட்டறைக்கு வந்து, யாரும் சொல்லாமலே துரு தேய்த்தான். எக்ஸ்ரேக்கா அவனோடு பேசவில்லை. மற்றவர்களுக்கு டீ ஊற்றும்போது அவனுக்கும் ஒரு கிளாஸ் வைப்பாள், அவ்வளவுதான்.

வண்டியை முந்திக்கொண்டு பிள்ளை வந்துவிட்டது. அறுவை செய்து எடுத்த பெண் குழந்தை. அண்ணன் ஆஸ்பத்திரி வாசலிலேயே தயங்கி நின்றான். "மாமன் பாக்க வேணாமா? உள்ள வா" என்று அவளேதான் கூப்பிட்டாள். முழுசாகச் சமாதானம் என்று சொல்ல முடியாது. ஆனால் பேச்சு வந்துவிட்டது.

கார் வெளியே வந்தபோது குழந்தை உட்காரப் பழகியிருந்தது. முதல் சவாரிக்குக் கூரையை மடக்கிவிட்டார்கள். குழந்தையைப் பின்சீட்டில் அதன் சின்ன இருக்கையில் வைத்துக் கட்டியாயிற்று. எக்ஸ்ரேக்கா முன்னால் உட்கார்ந்து கண்ணாடியைத் திருப்பினாள். கணவர் முன்சீட்டை மடக்கித் தாண்டி, அந்தக் குறுகலான இடத்துக்குள் முழங்கால் மோவாயில் இடிக்க ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்க இது? முன்னாடி வாங்க. பாக்கறவங்க என்னை டிரைவர்னு நெனைப்பாங்க."

"நெனைக்கட்டும். இவ என் வெரலப் புடிச்சிருக்கா. நீ ஓட்டு."

அவள் ஓட்டினாள். பக்கத்துச் சீட்டு காலியாகக் கிடந்தது அவளுக்கு என்னவோபோல் இருந்தது. இன்றைக்கும் வண்டியில் எங்காவது 'கிரீச்'சென்று ஒரு சத்தம் கேட்டால் போதும், ஓரம்கட்டிவிடுவாள். இறங்கி, விரிப்பை விலக்கி, தகட்டை முஷ்டியால் நாலு குத்துக் குத்திப் பார்ப்பாள். பின்னால் உட்கார்ந்திருக்கும் இருவரும் அவள் வந்து ஏறும்வரை காத்திருப்பார்கள்.