அம்மாவின் ஏழு மணிச் செபம்

காலை 8.15. பாலிங் பேருந்து நிலையத்தில் டெக்ஸி கிடைத்தது. கரங்கான் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். போய்வர, காத்திருப்பும் சேர்த்து, நூற்றைம்பது ரிங்கிட். என் தலையிலிருந்த தூடோங் முக்காட்டைப் பார்த்து ஓட்டுநர் மணியண்ணன் மலாயில்தான் விலை சொன்னார். நான் தமிழில் பேரம் பேசியதும் சிரித்துவிட்டார்.

"எங்க தங்கச்சி, கல்யாண வீடா?"

"இல்லண்ணே. எங்கம்மா கல்லறைக்கு."

"கிறிஸ்துவங்களா நீங்க?"

"அம்மா மட்டும்."

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. நல்ல மனுஷன்.

இன்று நவம்பர் இரண்டு, கத்தோலிக்கர்களின் கல்லறைத் திருநாள். அம்மா மார்ச்சில் போய்விட்டாள். எனக்குத் தெரிந்ததோ நாற்பதாம் நாள் பூசையும் முடிந்த பிறகு, யாரோ அனுப்பிய வாட்சாப் படத்தில். சொல்லாமல் விட்டவன் கூடப்பிறந்த அண்ணன் அந்தோணி. வாயில் நல்லாத்தான் வருகிறது.

8.50. கோலக்கெட்டில் டவுனைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் செம்பனை எண்ணெய்த் தோட்டம். நான் பிறந்தபோது இந்தப் பக்கமெல்லாம் ரப்பர். அம்மா பால்வெட்டுக்காரி. விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, வாளியைத் தூக்குமுன் சிலுவை போடுவாள். அப்பா குடிகாரர். அடித்த அதே கையைப் பிடித்து இழுத்து வந்து, ஏழு மணிச் செபத்துக்கு முட்டி போட வைத்தவள் அவள். செபமாலை முடிந்ததும் பெயர் சொல்லத் தொடங்குவாள். முதலில் உயிரோடு இருக்கிறவர்கள், பிறகு செத்தவர்கள். தோட்டத்து லயத்து வீடுகளில் பல்வலிக்காரன் பெயர்கூட விடுபடாது. எங்களுக்குக் கால் மரத்துப் போகும்.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், பாலிங்கில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் ஒருவரைக் கட்டிக்கொண்டு மதம் மாறினேன். "இனிமே இந்த வாசப்படிய மிதிக்காத" என்றாள் அம்மா. மிதிக்கவில்லை. எனக்கும் திமிர்தான், அவள் பெற்ற பெண்தானே நான். இன்று ஒரே ஒரு விஷயம் கேட்கத்தான் போகிறேன். அந்த ஏழு மணிக்கு அவள் என் பெயரைச் சொன்னாளா, இல்லையா?

9.40. கரங்கானில் எட்டு ரிங்கிட்டுக்குப் பூ வாங்கிக்கொண்டேன். கல்லறைத் தோட்டத்தில் ஒரே கூட்டம். புல்வெட்டும் இயந்திரங்களின் இரைச்சல், மெழுகுவத்திப் புகை, பிளாஸ்டிக் பையில் தேத்தண்ணி. அம்மாவுடையது கறுப்புக் கல். அன்பு மனைவி, தாய், பாட்டி என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே, பிள்ளைகள்: அந்தோணி. ஒருத்தன் பெயருக்கு எதற்கடா பன்மை?

அந்தோணி என்னைப் பார்த்து, "வா" என்றான். அவ்வளவுதான்.

"கல்லுல என் பேரு எங்க?"

"அம்மா சொன்னதத்தான் போட்டேன். சண்டைக்கா வந்த?"

பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டு அடுத்த வரிசைக்கு வந்தார். அதைச் சாக்காக வைத்து நழுவிவிட்டான்.

அவன் மகள் ஷெரின் எனக்குத் தேத்தண்ணி கொண்டு வந்தாள். பதினேழு வயசு, அம்மாவின் அதே மூக்கு. இத்தனை வருஷத்தில் இன்றைக்குத்தான் நேரில் பார்க்கிறேன். பாட்டியோடு வளர்ந்த பிள்ளை, இவளுக்குத் தெரியாமலா?

"பாட்டி செபத்துல என் பேரச் சொல்லுவாங்களாம்மா?"

"ஐயோ, சொல்லுவாங்க அத்தை! எவ்ரிடே."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவள் முகம் ஏனோ சுருங்கியது.

"ஆனா... தாத்தா பேருக்கு அப்புறம்தான் சொல்லுவாங்க. செத்தவங்க லிஸ்ட்ல லா, அத்தை. சின்னதுல நீங்க செத்துட்டீங்கன்னுதான் நானும் நெனச்சேன். உங்க ஆத்துமாவுக்கு மெழுகுவத்திகூட ஏத்தியிருக்கேன்."

"அடிப்பாவி!" என்று கத்திவிட்டேன். பிள்ளையை அல்ல, கல்லை. மறந்திருந்தால் மன்னித்திருப்பேன். பதினெட்டு வருஷம், ஒரு நாள் விடாமல் முட்டி போட்டு, நினைத்து நினைத்து என்னைப் புதைத்திருக்கிறாள். அதே ஏழு மணிக்கு நான் கடையில் ரொட்டி சானாய்க்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன், கல்லுக்குண்டு மாதிரி.

11.10. காரில் ஏறியதும் மணியண்ணன் என் மடியைப் பார்த்தார்.

"பூவ வைக்காமலே வந்துட்டீங்களே தங்கச்சி?"

"மறந்துட்டேண்ணே."

பொய். எனக்கு வைக்க மனசு வரவில்லை.

12.20. பாலிங். இங்கே கடை வழக்கம்போல மதியக் கூட்டத்தில் திணறிக்கொண்டிருந்தது. மூத்தவன் கல்லாவில் நின்றபடி, "எங்க போயிட்டு வர்றீங்கம்மா? வாப்பா ஒன்னும் சொல்ல மாட்டேங்கிறாங்க" என்றான்.

உங்க பாட்டி கல்லறைக்கு என்று சொல்ல வாயெடுத்தேன், முடியவில்லை. எல்லார் வீட்டிலும் பாட்டி இருக்கே, நமக்கு எங்கே என்று பிள்ளைகள் சின்னதில் நச்சரிப்பார்கள். செத்துப் போச்சு என்று ஒரு நாள் வெடுக்கென்று சொன்னேன். பிறகு அதுவே நிலைத்துவிட்டது. இந்த வீட்டைப் பொறுத்தவரை அம்மா செத்துப் பத்து வருஷம். அவளாவது செத்தவளுக்கு என்று தினமும் செபம் சொன்னாள். நான் ஒரு துஆகூடக் கேட்டதில்லை.

"சும்மா, கரங்கான் வரைக்கும்டா."

"அங்க நமக்கு யாரு இருக்கா?"

"யாருமில்ல" என்றேன்.